தெருவில் நிறுத்தும் காரின் பொனட்: அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

திருகோணமலை உவர்மலையில் எங்கள் ஒழுங்கையில் காரை உள்ளே விட இடமுள்ள வீடுகள் இரண்டே. மற்றக் கார்கள் எல்லாம் மதிலோரமாகத் தெருவில்தான் இரவைக் கழிக்கின்றன. என் பழைய சன்னியும் அப்படித்தான். ஒரு மாரிகாலத்தில் அதன் பற்றரியை ஒரே இரவில் பறிகொடுத்தேன். அன்றிலிருந்து பொனட் பூட்டைக் கழற்றிப் பூட்டும் வேலை எனக்குப் பழகிவிட்டது. முதலில் என் காருக்குச் செய்தேன், அப்புறம் அயலவர்களின் கார்களுக்கு.

நான் படித்த மெக்கானிக் இல்லை. ஆனால் ஒரே கோளாறைத் திரும்பத் திரும்பப் பார்த்ததில் ஒன்று தெளிவாகிவிட்டது. "தம்பி, ராத்திரி ஆரோ பொனட்டைத் திறந்திருக்கிறாங்க" என்று என்னைக் கூப்பிட்டவர்களில் பலருடைய காரைத் திறந்தது கடல் உப்பு. அந்த உப்புத் தளர்த்திவிட்ட பூட்டு கள்ளனுக்கும் சுலபமாகிவிடுகிறது. ஆகவே புதுப் பூட்டு வாங்கக் கடைக்கு ஓடும் முன், காரோடு வந்த பூட்டைச் சரிசெய்யுங்கள்.

வெளியிலிருந்து பொனட்டைக் கிளப்பும் முறைகளை நான் இங்கே எழுதவில்லை. உங்கள் கார் எங்கே பலவீனமாக இருக்கிறது என்று பார்ப்பதற்கு அவை தேவையும் இல்லை.

கையில் இருக்க வேண்டியவை: டோர்ச், நீளமான ஸ்குரூ டிரைவர், 10, 12 ஸ்பானர்கள், பழைய பல் துலக்கும் பிரஷ், கறள் இளக்கும் ஸ்பிரே, வெள்ளைக் கிறீஸ். என்ஜின் ஆறியிருக்க வேண்டும், கைப் பிரேக் போட்டிருக்க வேண்டும்.

உறுப்புகளின் பெயர்களையும் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். சாரதியின் முழங்காலருகே இருப்பது லீவர். அதிலிருந்து மட்காட்டின் உட்பக்கமாக முன்னுக்குப் போவது கேபிள். ரேடியேற்றருக்கு மேலே இருப்பது பூட்டு. பொனட்டின் அடியில் தொங்கி அந்தப் பூட்டுக்குள் இறங்குவது வளையம். லீவரை இழுத்த பிறகும் பொனட்டை விடாமல் பிடிக்கும் இரண்டாவது பிடி கொக்கி.

## அறிகுறி 1: காலையில் பொனட் விரல் நுழையும் அளவுக்குத் தூக்கி நிற்கிறது

அப்படியே அமர்த்தி மூடிவிட்டு வேலைக்குப் போய்விடாதீர்கள். முதலில் உள்ளே இருக்கும் லீவரைப் பாருங்கள்.

### லீவர் பாதியில் நிற்கிறது

கால்மிதி, செருப்பு, குடை ஏதாவது தட்டுப்பட்டிருக்கலாம். அதை எடுத்துவிட்டு லீவரை இழுத்து விடுங்கள். துள்ளித் தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். சோம்பலாகத் திரும்பினால் கேபிளின் உறைக்குள் உப்பும் கறளும் சேர்ந்திருக்கின்றன. லீவர்ப் பக்க முனையில் கறள் இளக்கும் ஸ்பிரேயை விட்டு, சிறிது நேரம் ஊறவைத்து, இருபது தடவையாவது இழுத்து விடுங்கள். அதற்கும் மசியாவிட்டால் கேபிளை மாற்றத்தான் வேண்டும். எண்ணெய் விட்டு இன்னும் ஒரு மாதம் ஓட்டலாம் என்று நினைத்தால், ஒருநாள் அது அறுந்து பொனட்டே திறக்காமல் போய்விடும்.

### லீவர் ஒழுங்காகத் திரும்புகிறது

பூட்டைச் சோதியுங்கள். பொனட்டைத் திறந்து நன்றாகத் தாங்கவிட்டு, வளையம் இறங்கும் இடத்தில் ஸ்குரூ டிரைவரின் தண்டை வைத்துக் கீழே அழுத்துங்கள். பூட்டு "கிளிக்" என்று விழுந்து பிடித்துக்கொள்ள வேண்டும், ஸ்குரூ டிரைவரை மேலே இழுத்தாலும் விடக்கூடாது. பிறகு உள்ளே போய் லீவரை இழுத்தால் பூட்டு துள்ளித் திறக்க வேண்டும். இப்படித் திறந்து வைத்த பிறகுதான் பொனட்டை மூடலாம். பூட்டிய நிலையில் இருக்கும் பூட்டின் மேல் பொனட்டைப் போட்டால் வளையம் வளைந்துவிடும்.

கிளிக் சத்தம் மந்தமாக இருந்தாலோ, பூட்டு பாதியில் நின்றாலோ, காரணம் பெரும்பாலும் அழுக்கு. உப்பும் மணலும் பழைய கிறீஸும் சேர்ந்து களியாகியிருக்கும். மண்ணெண்ணெயும் பிரஷுமாகத் தேய்த்துக் கழுவி, துணியால் துடைத்து, நன்றாக உலரவிட்டு வெள்ளைக் கிறீஸ் பூசுங்கள். மெல்லிய ஸ்பிரே எண்ணெயோடு மட்டும் விட்டுவிடாதீர்கள். அது களியை இளக்கும், ஆனால் சீக்கிரம் காய்ந்துவிடும். உப்புவெளி, நிலாவெளிக் கடற்கரையோரம் அடிக்கடி நிறுத்துகிறவர்கள் மாரி தொடங்கும் முன் ஒருமுறை, கச்சான் காற்று தொடங்கும் முன் ஒருமுறை என இதைச் செய்தால் போதும்.

கழுவியும் பூட்டு துள்ளவில்லை என்றால் ஸ்பிரிங் களைத்துவிட்டது. பூட்டை முழுதாக மாற்றுங்கள். இரண்டு, மூன்று போல்ட்தான். கழற்றும் முன் அது இருந்த இடத்தைச் சுற்றி மார்க்கர் பேனாவால் கோடு போட்டுக்கொள்ளுங்கள், புதியதை அதே கோட்டுக்குள் வைத்து இறுக்கலாம். பழைய ஜப்பான் கார்களுக்கு இங்கே பூட்டுக் கிடைக்காவிட்டால் கொழும்பு பஞ்சிகாவத்தையில் தேடச் சொல்லலாம். வாங்கும்போது ஸ்பிரிங்கைக் கையால் இழுத்துப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

மூடும் பழக்கமும் ஒரு காரணம். ஓயில் பார்த்துவிட்டு பொனட்டை மெதுவாக இறக்கிவைத்தால் கொக்கி மட்டும் பிடிக்கும், பூட்டு பிடிக்காது. ஒரு சாண் உயரத்திலிருந்து விழவிடுங்கள். நடுவில் கையை ஊன்றி அமர்த்தினால் தகடு சப்பளியும்.

### பூட்டு, லீவர் இரண்டும் நன்றாக இருக்கின்றன

இப்போதுதான் ஆளைச் சந்தேகிக்க வேண்டும். சாரதிப் பக்கக் கண்ணாடியின் றப்பர் கிழிந்திருக்கிறதா, கிறில் வளைந்திருக்கிறதா, பூட்டின் ஓரத்தில் கீறல் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள். கீறலின் நிறம் முக்கியம். எங்கள் ஊர்க் காற்றில் பெயின்ட் போன வெற்று இரும்பு சில நாள்களிலேயே பழுப்பாகிவிடும். கீறல் வெள்ளியாக மின்னினால் அது புதிது. பழுப்பாக இருந்தால் பழைய கராஜ் வேலையாக இருக்கலாம்.

மின்னும் கீறல் இருந்தால் எதையும் தொடாமல் படம் எடுத்துக்கொண்டு பொலிஸில் முறைப்பாடு பதியுங்கள். பொருள் எதுவும் போகாவிட்டாலும் பதியுங்கள். அடுத்தமுறை ஏதாவது போனால் காப்புறுதிக்காரர் முதலில் கேட்பது அதைத்தான்.

கராஜுக்குப் போக வேண்டிய கட்டம்: முன்பக்கம் முன்பு அடிபட்டு டிங்கரிங் செய்த கார் என்றால், வளையமும் பூட்டும் நேர்கோட்டில் இல்லாமல் இருக்கலாம். பொனட்டின் இடது, வலது ஓர இடைவெளிகள் ஒரே அளவில் இல்லை என்றால் அதுதான் விஷயம். அதை வீட்டில் செய்ய முடியாது.

## அறிகுறி 2: ஓடும்போது பொனட் அதிர்கிறது

உடனே ஓரமாக நிறுத்துங்கள். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கம் வேகமாகப் போகும்போது பொனட் கிளம்பினால் முன் கண்ணாடியில் வந்து அறையும், பாதையே தெரியாது.

திறந்து மீண்டும் விழவிட்டு மூடுங்கள். அதிர்வு நின்றால் மூடியது சரியில்லை, அவ்வளவுதான். நிற்காவிட்டால் முன் ஓரங்களில் உள்ள றப்பர் குமிழ்களைப் பாருங்கள். பல கார்களில் அவற்றைத் திருகி உயர்த்தலாம், தாழ்த்தலாம். இரண்டு பக்கமும் சமமாகத் திருகுங்கள். அதன்பின் கொக்கியைப் பாருங்கள். லீவரை இழுத்து, பொனட்டைச் சற்றே தூக்கினால் கொக்கி பிடித்து நிறுத்த வேண்டும். நிறுத்தவில்லை என்றால் அந்தக் காரை ஓட்டக்கூடாது. கறள் பிடித்துக் கொக்கி திரும்பாமல் நிற்கிற கார்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். பிரதான பூட்டு நன்றாக இருக்கும்வரை அந்தக் குறை யார் கண்ணிலும் படுவதில்லை.

பொனட்டின் கீல் கறளால் தின்னப்பட்டிருந்தால் நேராக டிங்கரிங் வேலைக்காரரிடம் போங்கள்.

## அறிகுறி 3: லீவரை இழுத்தால் கனமே இல்லாமல் வருகிறது, பொனட் திறக்கவில்லை

ஒருவர் பொனட்டின் முன் ஓரத்தை இரு கைகளாலும் மெதுவாக அமர்த்திக்கொள்ள, இன்னொருவர் லீவரை இழுத்துப் பாருங்கள். கேபிள் நீண்டு தளர்ந்திருந்தால் பல தடவை இப்படித் திறந்துவிடும். அதுவும் இல்லையென்றால் லீவரின் அடியில் கேபிளின் உறை தன் பள்ளத்திலிருந்து விலகியிருக்கிறதா என்று பாருங்கள். கையாலேயே திரும்பப் பொருத்திவிடலாம்.

கேபிள் அறுந்திருந்து, அதன் முனை லீவருக்குப் பின்னால் தெரிந்தால், குறடால் இறுகப் பிடித்து இழுங்கள். முன்பக்கத்தில் அறுந்திருந்தால் கராஜ்காரரைக் கூப்பிடுங்கள். கிறிலை உடைத்துத் திறக்கப் போய், பூட்டை விடப் பல மடங்கு விலையுள்ள பம்பரைக் கெடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

பொனட் திறந்ததும் அறுந்த முனையைப் பாருங்கள். இழைகள் பழுப்பாக, ஒன்று நீளம் ஒன்று கட்டையாகப் பிய்ந்திருந்தால் கறள். எல்லா இழைகளும் ஒரே மட்டத்தில், மின்னும் முனையோடு நின்றால் யாரோ வெட்டியிருக்கிறார்கள். அப்படியானால் அறிகுறி 4 உங்களுக்குத்தான்.

## அறிகுறி 4: காரின் முன்னால் குனிந்தால் பூட்டோ கேபிளோ தெரிகிறது

இதைக் கோளாறு என்று யாரும் நினைப்பதில்லை. எதுவும் களவு போகும் முன் பார்க்க வேண்டியது இதைத்தான். இரவில் டோர்ச்சோடு முன்னால் குந்தி, கிறில் வழியாகவும் பம்பரின் அடியாலும் பாருங்கள். கேபிளின் வெற்றுக் கம்பி உங்கள் கண்ணுக்குத் தெரிந்தால் மற்றவர்களுக்கும் தெரியும். உங்கள் கை பூட்டுவரை போனால் மற்றவர்களின் கையும் போகும்.

### ரேடியேற்றரின் மேல் மறைப்பு இல்லை

பல கார்களில் பூட்டையும் ரேடியேற்றரின் மேல்பகுதியையும் மூடி ஒரு கறுப்புப் பிளாஸ்ரிக் தகடு இருக்கும். சேர்விஸ் செய்யும்போது கழற்றி, கிளிப் உடைந்துவிட்டது என்று மூலையில் போட்டுவிடுவார்கள். என் சன்னிக்கும் அதுதான் நடந்தது. அந்த மறைப்பு இருந்திருந்தால் என் பற்றரி போயிருக்காது என்றுதான் இன்றும் நம்புகிறேன். பழையதைத் தேடி எடுத்து, புதுக் கிளிப்களால் இறுக்குங்கள்.

### மட்காட்டின் உள் மறைப்பு கிழிந்து தொங்குகிறது

முன் சக்கரத்துக்கு மேலே உள்ள பிளாஸ்ரிக் மறைப்பு கிழிந்தால், கேபிள் அந்த வழியாக ஓடும் கார்களில் அது வெளியே தெரிய வரும். மழைநீரும் உள்ளே போகும், எலிக்கும் அது வாசல். தைக்கலாம், கிளிப் போடலாம், இல்லையென்றால் மாற்றலாம்.

### மறைப்பு எல்லாம் இருந்தும் கை போகிறது

பூட்டின் முன்னாலும் அடியிலும் ஒரு இரும்புத் தகட்டை வளைத்து, பூட்டின் போல்ட்களோடேயே சேர்த்து இறுக்கலாம். கேபிளின் கடைசி முழத்துக்கு வளையும் இரும்புக் குழாய் உறை போடலாம். வெல்டிங் கடையில் ஒரு மணி நேர வேலை. என் அனுபவத்தில் கொடுத்த காசுக்கு அதிகப் பாதுகாப்புத் தருவது இந்தத் தகடுதான், கடையில் விற்கும் பளபளப்பான பூட்டுகள் இதற்குப் பின்னால்தான். மூன்றைக் கவனியுங்கள்: ரேடியேற்றருக்குக் காற்று தடைப்படக்கூடாது, கொக்கி அசைய இடம் இருக்க வேண்டும், தகட்டுக்கு இரு பக்கமும் கறள் தடுக்கும் பெயின்ட் அடித்திருக்க வேண்டும். முன் பம்பருக்குள் எயார் பேக் சென்ஸர் உள்ள கார் என்றால் அந்தப் பக்கம் துளை போடவோ வெல்ட் பண்ணவோ வேண்டாம், தெரிந்தவரிடம் விடுங்கள்.

## அறிகுறி 5: உள்ளே ஏதோ குறைகிறது, அல்லது கழன்றிருக்கிறது

காரை ஸ்டார்ட் செய்யாதீர்கள். முதலில் பிரேக் ஓயில் போத்தலின் மூடியும் மட்டமும் சரியா என்று பாருங்கள். பிறகு காருக்குள் இருந்து பிரேக்கை மிதித்து, கால் வழக்கமான உயரத்தில் நிற்கிறதா என்று பாருங்கள். அதற்குப் பிறகுதான் மற்றவை.

### பற்றரி முனை தளர்ந்திருக்கிறது

முனையில் வெள்ளை அல்லது பச்சைப் பொடி படிந்திருந்தால் அது அரிப்பு. வெந்நீரில் அப்பச்சோடா கரைத்துக் கழுவி, உலர்த்தி இறுக்குங்கள். பொடி இல்லாமல், நட்டின் ஓரம் மழுங்கி மின்னினால் யாரோ ஸ்பானர் வைத்திருக்கிறார்கள்.

### வயர் அறுந்திருக்கிறது

மாரிகாலத்தில் எலிகள் என்ஜின் சூட்டைத் தேடி வரும். பல் தடம், புழுக்கை, கடித்துக் குவித்த பஞ்சு இருந்தால் எலிதான். எங்கள் ஒழுங்கை ரீச்சர் ஒருவரின் காரில் ஹோர்ன் வயர் இரண்டு தடவை போனது. இரண்டு தடவையும் அவர் பக்கத்து வீட்டுப் பெடியனைச் சந்தேகித்தார். மூன்றாம் தடவை ஏயார் ஃபில்டர் பெட்டிக்குள் எலிக்கூட்டை எடுத்துக் காட்டினேன். அன்று மாலையே அவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பேசிவிட்டு வந்தார். வயர் நேராக, ஒரே வெட்டில் போயிருந்தால்தான் மனிதன். அதிலும் ஹோர்ன், அலாரம் வயர்கள் மட்டும் வெட்டப்பட்டிருந்தால் ஆள் திரும்பி வர நினைத்திருக்கிறான். அன்றிரவே காரை வேறு இடத்தில் விடுங்கள்.

### பற்றரியே இல்லை

புதியதை வைக்கும்போது அதன் பிடிக்கு வழக்கமான நட்டுக்குப் பதிலாகத் தனிச் சாவி தேவைப்படும் நட் போடுங்கள். பற்றரியின் மேல் கார் இலக்கத்தை மார்க்கர் பேனாவால் பெரிதாக எழுதிவையுங்கள். இலக்கம் எழுதிய பற்றரியை வாங்கக் கடைக்காரரும் யோசிப்பார்.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார் வைத்திருப்பவர்கள், பற்றரி பொனட்டுக்கு அடியில் இல்லையென்றால், இந்தப் பகுதியைத் தாண்டலாம். அவற்றில் பலவற்றின் 12 வோல்ட் பற்றரி காரின் பின்பகுதியில் இருக்கிறது. ஆனால் அவற்றின் பொனட்டுக்கு அடியில் செம்மஞ்சள் நிறத் தடித்த வயர்கள் ஓடுகின்றன. அவை உயர் மின்னழுத்த வயர்கள். அவற்றில் கீறலோ கடியோ தெரிந்தால் கையை வைக்காமல், ஹைபிரிட் வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 6: அலாரம் தேவையில்லாமல் அடிக்கிறது, அல்லது அடிக்கவே இல்லை

தேவையில்லாமல் அடித்தால் பொனட்டுக்கு அடியில் உள்ள சிறிய சுவிச்சைப் பாருங்கள். அழுத்தினால் இறங்கி, விட்டால் எழ வேண்டும். உப்புப் பிடித்து இடையில் நின்றால் அலாரத்துக்கு பொனட் திறந்ததாகவே தெரியும். சுத்தம் செய்யுங்கள், அல்லது மாற்றுங்கள், மலிவான உறுப்புதான். சுவிச் நன்றாக இருந்தும் கோட்டைப் பக்கமோ கடற்கரைப் பக்கமோ நிறுத்தும் இரவுகளில் மட்டும் அடித்தால், மான்கள் உரசிப் போகின்றனவா என்று பாருங்கள். அதிர்ச்சி உணரியின் கூர்மையைச் சற்றுக் குறைத்தால் சரி.

அடிக்கவே இல்லையா என்று சோதிக்க, ஒரு கண்ணாடியை இறக்கிவிட்டு, வெளியே நின்று றிமோட்டால் அலாரத்தைப் போட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பிறகு கையை உள்ளே விட்டு பொனட் லீவரை இழுத்து, பொனட்டைத் தூக்குங்கள். சத்தம் இல்லையென்றால் சுவிச் பழுது, அல்லது அலாரம் பூட்டியவர் பொனட்டுக்குச் சுவிச்சே இணைக்கவில்லை. இரண்டாவது நிலைமையில் ஓட்டோ எலக்ட்ரீசியனிடம் போய் அதை மட்டும் இணைக்கச் சொல்லுங்கள். சைரன் பம்பரின் அடியிலிருந்து எட்டும் இடத்தில் இருந்தால் அதையும் மேலே மாற்றச் சொல்லுங்கள்.

## அறிகுறி 7: மேலதிகமாகப் போட்ட பூட்டு திறக்க மறுக்கிறது

இதுவரை சொன்னவற்றைச் செய்த பிறகும் பயம் போகாதவர்கள் மேலதிகப் பூட்டுப் போடுகிறார்கள். நியாயம்தான், நானும் போட்டிருக்கிறேன். ஆனால் பூட்டின் வகையைப் பொறுத்து அது சிக்கும் விதமும் வேறுபடும்.

### சங்கிலியும் ஆமைப்பூட்டும்

கிறிலுக்குள்ளால் சங்கிலி விட்டு ஆமைப்பூட்டுப் போட்டிருந்தால் கழற்றிவிடுங்கள். ஒரு மாரியில் பூட்டு இறுகிவிடும், ஓடும்போது சங்கிலி ரேடியேற்றரில் அடிக்கும்.

### பொனட்டின் மேல் தெரியும் பின் (pin) பூட்டு

பந்தயக் கார்களில் இருப்பது போன்ற, திறப்பு (சாவி) இல்லாத பின்கள் பொனட் பறக்காமல் பிடிப்பவை. யாரும் விரலால் இழுத்துத் திறக்கலாம், களவுக்கு அவை தடையே இல்லை. திறப்பு உள்ள வகை பயனுள்ளது. திறப்பு சுழலவில்லை என்றால் பலமாகத் திருகி உள்ளே முறித்துவிடாதீர்கள். பென்சில் கரித்தூளைத் திறப்பில் தடவி, பல தடவை உள்ளே விட்டு எடுங்கள். எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக்கொள்ளும். துளை போட்ட ஓரங்களில் பெயின்ட் இல்லாவிட்டால் அங்கிருந்தே பொனட் கறள் பிடிக்கத் தொடங்கும், அதையும் பாருங்கள். துளை போடும் முன் காப்புறுதிக்காரரிடம் கேட்டுவிடுங்கள்.

### மறைவான இரண்டாவது கேபிள்

காருக்குள் மறைவாக வைத்த தனிக் கேபிளை இழுத்துத் திறக்கும் மேலதிகப் பூட்டு இது. எனக்குப் பிடித்தது இதுதான். வெளியே எதுவும் தெரியாது, மின்சாரமும் தேவையில்லை. சிக்கினால் அறிகுறி 1இல் கேபிளுக்குச் சொன்னதையே செய்யுங்கள்.

### மின்சாரப் பூட்டு

பற்றரி இறங்கினால் பூட்டு திறக்காது, பூட்டு திறக்காவிட்டால் பற்றரிக்கு மின் ஏற்ற முடியாது. நள்ளிரவில் இந்த நிலைமையில் மாட்டிக்கொண்டவர்களுக்காக நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். பியூஸை முதலில் பாருங்கள். பியூஸ் சரி என்றால் பூட்டியவரைத்தான் கூப்பிட வேண்டும், வயர் எந்த வழியாகப் போகிறது என்று அவருக்குத்தான் தெரியும். புதிதாகப் பூட்டுகிறவர்கள், கையால் இழுத்துத் திறக்கும் ஒரு அவசரக் கேபிளும் சேர்த்துப் போடாமல் கடையை விட்டு வெளியே வராதீர்கள்.

எந்த வகையாக இருந்தாலும் அதன் திறப்பு கார்த் திறப்போடு ஒரே வளையத்தில் இருக்கட்டும். பொனட்டுக்குள்ளிருந்து புகை வந்தால் என்ஜினை நிறுத்தி, எல்லோரையும் இறக்கி, விலகி நில்லுங்கள். பொனட்டை முழுதாகத் தூக்கினால் காற்றுப் பட்டுத் தீ பெரிதாகும். தீயணைக்க வருகிறவரிடம் மேலதிகப் பூட்டு இருக்கும் இடத்தைச் சொல்லி, திறப்பைக் கையில் கொடுங்கள்.

அவசரக் கேபிளின் முனை எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் காட்டி, அவர் கையாலேயே ஒருமுறை இழுத்துத் திறக்கச் செய்யுங்கள். நீங்கள் கொழும்பு போயிருக்கும் நாளில் கார் நின்றுபோனால், அதைத் திறக்கப் போகிறவர் அவர்தான்.